பென்ஷன் உண்டுல்ல?

அம்மா,

அப்பாவின் நீல ரெக்ஸின் பையை நேற்று மாலை திறந்தேன். ஜிப்பை இழுத்த உடனே அந்த வாசனை வந்தது. அந்துருண்டை, திருநீறு, இரண்டுக்கும் அடியில் உன் கட்டைவிரலில் தேய்ப்பதற்கென்று வாங்கி வைத்த க்ரீம். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் புடவைகளைக் கொடுத்தாயிற்று, கட்டிலை இடம் மாற்றிப் போட்டாயிற்று. வீட்டில் வேறெங்கும் இல்லாத நீ அந்தப் பைக்குள் மட்டும் இன்னும் இருக்கிறாய். ஒரு காகிதத்தை உள்ளே வைக்கத்தான் திறந்தேன். வைத்துவிட்டு உடனே மூட மனம் வரவில்லை. அந்தக் காகிதத்தைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

இது நவம்பர் மாதம். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வங்காள ஊரில் மற்றவர்களுக்குப் பூஜையோடு கொண்டாட்டம் முடிந்துவிடும். உனக்கு மட்டும் நவம்பரில் ஒன்று பாக்கி இருக்கும். பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை பேங்குக்குப் போய், தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்டிவிட்டு வர வேண்டும். மற்றவர்கள் கையில் கிடைத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்று சலித்துக்கொள்வார்கள். நீ காலையிலேயே தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து கரை போட்ட புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவள் போலக் கிளம்புவாய். எதற்கு இந்த அலங்காரம் என்று ஒருமுறை கேட்டேன். "உசுரோட இருக்கேன்னு சொல்லப் போறேன்டி. அழுக்குப் பொடவையில போய்ச் சொன்னா எவன் நம்புவான்?" என்றாய்.

உன் விரலை அந்த மெஷின் ஒருநாளும் நம்பியதில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிப்போன விரல். கவுண்டரில் இருந்த ருமா என்ற பெண் தன் கைப்பையிலிருந்து க்ரீம் எடுத்து உன் கட்டைவிரலில் தேய்த்து, துடைத்து, மறுபடி அழுத்திப் பார்ப்பாள். அடுத்த வருடத்திலிருந்து க்ரீமை நாமே கொண்டுபோனோம். கடைசி இரண்டு வருடம் விரல் போய் முகம் வந்தது. போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னாள். நீ சிமிட்டினாய், பச்சை டிக் விழுந்தது. "கண்ணச் சிமிட்டுனா உசுரு இருக்குன்னு அர்த்தமா, இவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினாய். பிறகு காளிகாட் மெட்ரோ பக்கத்துச் சந்தில் கொச்சூரி, உருளைக்கிழங்குக் கறி, உனக்கு இரண்டு ஜிலேபி. அந்த ஒரு நாள் மட்டும் உன் சர்க்கரையைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது.

அந்த இரண்டு வருடமும் நடந்த இன்னொரு விஷயத்தை இப்போதுதான் யோசிக்கிறேன். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், யாரும் கேட்காத ஒரு ஜெராக்ஸ் உனக்கு ஞாபகம் வரும். "எதுக்கும் பாஸ்புக்கு ஒரு காப்பி எடுத்துட்டு வந்துரு" என்று என்னைக் கீழே அனுப்புவாய். நானும் முணுமுணுத்துக்கொண்டே போவேன். வயதாகிறது, பயம் கூடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பா ஹவுரா ரயில்வே பணிமனையில் வேலையில் இருக்கும்போதே போனார். உனக்கு அப்போது ஐம்பத்தொன்று. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இந்தச் சந்தில் இரண்டு அறைக்கு வந்தோம். உனக்குக் குடும்பப் பென்ஷன் வர ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் அது ஒரு மாதமும் தவறவில்லை. நீ எத்தனை வயது வரை இருப்பதாக உத்தேசம் என்று உன்னை யாரும் கேட்கவில்லை. மார்க்கெட்டில் என்ன நிலவரம் என்று நீ விசாரித்தது கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும்தான். எழுபத்து நான்கு வயது வரை யார் முன்னாலும் கையை நீட்டாமல் இருந்துவிட்டுப் போனாய். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீ உயிரோடு இருந்தவரை எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே புரிந்திருந்தது. எனக்கு அது கிடைக்காது என்று தெரிந்ததால் இன்னும் நன்றாகப் புரிந்திருந்தது.

அப்பா இறந்த வகையில் எனக்கு வேலை தருவதாக எழுதியிருந்தார்கள். ஒன்றரை வருடம் இழுத்தடித்து உத்தரவு வந்தபோது மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. முப்பது நாளுக்குள் வந்து சேரலாம் என்று போட்டிருந்தது. மறுநாள் காலையே போகிறேன் என்றேன். நீ சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியிடம் போய் நின்றாய். திருச்சி மாமா வருடா வருடம் அனுப்பும் நாள்காட்டி. "அப்பா உசுரக் குடுத்து வந்த வேல. இத பீட மாசத்துல போய்த் தொடங்கணுமாக்கும்? தை பொறக்கட்டும், போய்க்கலாம்" என்றாய். எனக்கும் ஒன்றும் அவசரமில்லை. ஒன்றரை வருடம் காத்திருந்தவளுக்கு இன்னும் மூன்று நாலு வாரம் என்ன என்று இருந்தது.

தை இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, மீந்த பொங்கலையும் புளிக்குழம்பையும் அப்பாவின் டப்பாவில் கட்டிக் கொடுத்தாய். ஃபெர்ரியில் ஹவுரா போய் இறங்கி ஆபீஸில் சேர்ந்தேன். என் ஃபாரத்தை வாங்கிய வயதான குமாஸ்தா தேதியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஈஷ்" என்றார், இந்த ஊர்க்காரர்கள் ஐயோ பாவம் என்பதற்குச் சொல்வது போல. ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து சேருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்றார். சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பார்கள், சர்க்காரும் கொஞ்சம் போடும், அது மார்க்கெட்டில் போய் ஏறும் இறங்கும், ஓய்வு பெறும்போது எவ்வளவு இருக்கிறதோ அதைக் கொண்டு நானே பார்த்துக்கொள்ள வேண்டும். உத்தரவு டிசம்பரிலேயே வந்திருக்கிறதே, ஏன் உடனே வரவில்லை என்று கேட்டார். மார்கழிக்கு வங்காளியில் என்ன சொல்வது, சொன்னாலும் அவருக்கு என்ன விளங்கும்? வீட்டில் கொஞ்சம் வேலை இருந்தது என்றேன்.

சாயங்காலம் நான் வந்தபோது நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். ஆபீஸ் எப்படி, மேஜை கொடுத்தார்களா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்கவில்லை. "பென்ஷன் உண்டுல்ல?" என்றாய்.

"உண்டும்மா" என்றேன்.

அதற்குமேல் உன்னிடம் என்ன சொல்ல? அப்பா போனதிலிருந்து அன்றுதான் உன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பதினாறு நாள் தாமதமாகப் போனதால் வாழ்நாள் முழுக்க வர வேண்டியது போய்விட்டது, அதுவும் உன் பேச்சைக் கேட்டதால் போய்விட்டது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

நீயோ அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு கோட்டையே கட்டிவிட்டாய். வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், எனக்கும் அந்த ஆசை விட்டுப்போன பிறகு, மாமா போனில் வருத்தப்பட்டால், "என் மகளுக்குப் பென்ஷன் வேல. கட்டுனாலும் கட்டாட்டியும் சோத்துக்கு ஒருத்தர்ட்டப் போய் நிக்கமாட்டா" என்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது அம்மா. அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். வருடம் முழுக்க அடங்கிக் கிடக்கும், மார்கழி பிறந்தால் மேலே வந்துவிடும். கோலமாவு சிந்தினால் கத்துவேன், காப்பி ஆறியிருந்தால் கத்துவேன். "இந்த மாசம் வந்தா இவளுக்கு என்னமோ ஆயிடுது" என்று நீ ஒதுங்கிப் போவாய்.

ஆபீஸில் இந்தப் பேச்சு இல்லாத நாளே கிடையாது. எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். யூனியன்காரர்கள் கேட் முன்னால் கொடியோடு நின்று பழையதைத் திருப்பிக் கொடு என்று கோஷம் போடுவார்கள். நானும் போய் நின்றிருக்கிறேன். அடுத்த மேஜை அனிர்பான் மட்டும் வரமாட்டான். முப்பத்திரண்டு வயது, நியூ டவுனில் கடன் வாங்கி வாங்கிய ஃப்ளாட். தன் கணக்கில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் பங்கில் போட்டு வைத்திருக்கிறான். "தீதி, அவங்க தர்றேன்னு சொல்றது வெறும் வாக்கு. ஃபண்டுல இருக்கறது என் காசு" என்பான். முதலில் சின்னப் பையனின் திமிர் என்று நினைத்தேன். அவன் அப்பா ஒரு சணல் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், மில்லை மூடியபோது தருவதாகச் சொன்ன எதுவும் கைக்கு வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்கும் பயம்தான், எனக்கும் பயம்தான். அவன் பயம் ஒரு பக்கம் ஓடியது, என் பயம் எதிர்ப் பக்கம் ஓடியது.

நம் மாடி வீட்டு ஷிப்ராதியைப் பார்த்தால் எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கும். மாநில அரசுப் பள்ளி டீச்சர். இந்த மாநிலத்தில் பழைய பென்ஷனை ஒழிக்கவே இல்லை. அவளோ தன் பஞ்சப்படி என் பஞ்சப்படிக்குப் பாதி வருமா என்று என்னிடம் அழுவாள். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இரண்டு பேர், ஒருத்திக்கு இன்று பற்றிக் கவலை, இன்னொருத்திக்கு நாளை பற்றி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நம்பிக்கை வந்தது. வேலைக்கான விளம்பரம் அந்த மாற்றத்துக்கு முன்பே வந்திருந்தால், தாமதமாகச் சேர்ந்தவர்களும் பழைய பென்ஷனுக்குப் போகலாம் என்று உத்தரவு. உனக்குத் தெரியாமல் நானும் எழுதிப் போட்டேன். பதில் ஆபீஸுக்கு வராமல் வீட்டுக்கு வந்து தொலைத்தது. நான் வந்தபோது உறை பிரித்திருந்தது. கரண்ட் பில் என்று நினைத்துப் பிரித்துவிட்டதாகச் சொன்னாய். "இங்கிலீஷா இருக்கு, என்னடி அது?" என்றாய். ஆபீஸ் சமாச்சாரம் என்று வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் படித்தேன். கருணை அடிப்படையில் தந்த வேலைக்கு விளம்பரமே கிடையாது, ஆகவே உத்தரவு எனக்குப் பொருந்தாது என்று இருந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்தபோது நீ உளுந்து ஊறவைத்துக்கொண்டிருந்தாய்.

அந்த வருடம் மாமா அனுப்பிய நாள்காட்டியை நீ மாட்டவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, ஆணி ஆடுகிறது என்றாய். அதற்கடுத்த வருடமும் மாட்டவில்லை. உனக்கு மறதி வந்துவிட்டது என்று பயந்து டாக்டரிடம் அழைத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? அவர் கேட்ட கணக்கையெல்லாம் டக் டக்கென்று சொன்னாயே.

இந்த வருடம் நீ போன பிறகு மூன்றாவதாக ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். மார்க்கெட்டில் இருப்பவர்கள் விரும்பினால் அதற்கு மாறலாம். கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி, மாதாமாதம், சாகும் வரை. பதிலுக்கு, இத்தனை வருடம் கணக்கில் சேர்ந்ததில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். நவம்பர் முடிவதற்குள் சொல்ல வேண்டும், ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். ஆபீஸ் இரண்டாகப் பிரிந்தது. யூனியன்காரர்கள் தொடாதே, தொட்டால் பழையது திரும்பி வராது என்றார்கள். அனிர்பான் தன் கம்ப்யூட்டரில் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். "உங்களுக்கு இது சுத்த நஷ்டம். உங்களுக்கு அப்புறம் ஒரு பைசா யாருக்கும் போகாது. புருஷனோ பொண்டாட்டியோ இருந்தாத்தான் குடும்பத்துக்குக் கிடைக்கும்." அவன் சொன்னது சரி. இப்போதிருக்கும் கணக்கில் வாரிசு என்ற கட்டத்தில் உன் பெயர் இருக்கிறது, நூறு சதவீதமும் உனக்கு. இனி அந்தக் கட்டத்தில் யாரைப் போடுவது?

கணக்குப் போடும் பக்கத்தில் ஒரு கேள்வி வருகிறது அம்மா. எத்தனை வயது வரை வாழ எதிர்பார்க்கிறீர்கள்? நான் எழுபத்தைந்து என்று போட்டேன். பணம் மிஞ்சியது. எண்பது போட்டேன், போதுமாக இருந்தது. உன் அம்மா தொண்ணூறு தாண்டியும் இருந்தாளே என்று தொண்ணூறு போட்டேன். எண்பத்து மூன்றிலேயே தீர்ந்துவிட்டது. அந்த ஏழு வருடம் நான் என்ன செய்வேன்? காலையில் ஃபெர்ரியில் போகும்போது ஆற்றைப் பார்க்காமல் போனைப் பார்த்தேன். எங்கேயோ ஒரு நாட்டில் சண்டை என்று என் கணக்கில் இரண்டு மாத வாடகை குறைந்திருந்தது. மறுநாள் பாதி திரும்பி வந்தது. ஆற்றுக்கு அடியில் மெட்ரோ வந்துவிட்டது, எட்டே நிமிடம். அதில் சிக்னல் கிடைக்காதென்று நான் ஃபெர்ரியை விடாமல் இருந்தேன் என்றால் நம்புவாயா? சீக்கிரம் செத்தால் லாபம் எது, நாள் கழித்துச் செத்தால் லாபம் எது என்று சொந்தச் சாவை வைத்து பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை நம் கூட்டுக் கணக்கிலிருந்து உன் பெயரை எடுக்க பேங்குக்குப் போனேன். நவம்பர் வரிசை படி வரை நின்றது. ருமா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள், சொந்தச் சித்தியைச் சொல்வது போல மாசிமா இல்லாத நவம்பர் என்றாள். ஃபாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், மாசிமாவின் கேள்விக்குக் கடைசி வரை என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை என்று. என்ன கேள்வி என்றேன். உங்களுக்குத் தெரியாதா, நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கப் போனதும் கேட்பார்களே என்றாள்.

உன் உடைந்த வங்காளியில் கேட்டிருக்கிறாய். "ஆமார் மெயே பாபே?" என் மகளுக்குக் கிடைக்குமா? உனக்குப் பிறகு உன் பென்ஷனை எனக்கு மாற்ற முடியுமா என்று. கல்யாணமாகாத மகளுக்கு உண்டுதான், ஆனால் வேலையில் சம்பளம் வாங்குகிற மகளுக்குக் கிடையாது என்று ருமா சொல்லியிருக்கிறாள். அவளுக்கே பென்ஷன் இருக்குமே என்றும் கேட்டிருக்கிறாள். இல்லை என்று தலையாட்டியிருக்கிறாய். போன வருடமும் அதே கேள்வி. ரூல் மாறியிருக்கலாம் இல்லையா என்றாயாம். இல்லை என்றதும், "ஆமிய் ஆட்கே ரெகேசிலாம்" என்றாயாம். நான்தான் நிறுத்தி வைத்தேன். எதை நிறுத்தி வைத்தார்கள், எனக்குப் புரியவே இல்லை என்று ருமா என் முகத்தைப் பார்த்தாள். கொடுத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நேராக ஷிப்ராதி வீட்டுக்குத்தான் போனேன். அந்த இங்கிலீஷ் கடிதத்தை உனக்குப் படித்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? முதலில் மழுப்பினாள், பிறகு அழுதாள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நீ மாடி ஏறிப் போயிருக்கிறாய். அவள் படித்து வங்காளியில் சொல்லியிருக்கிறாள். சேர்ந்த தேதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாயாம். பிறகு விரல் விட்டுப் பின்பக்கமாக எண்ணி, பதினாறு நாள் என்றாயாம். அவள் கொடுத்த டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளைக் காளி மேல் சத்தியம் செய்ய வைத்திருக்கிறாய். கதவருகே போய்த் திரும்பி ஒன்று சொன்னாயாம். என் மகளின் கோபமெல்லாம் அந்த மார்கழி மேலே என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், என் மேலேதான் இருந்திருக்கிறது என்று.

அம்மா, நான் உன்னிடமிருந்து மறைத்தேன். நீ அதைத் தெரிந்துகொண்டு, தெரிந்ததை என்னிடமிருந்து மறைத்தாய். கடைசி இரண்டு வருடம் இந்த இரண்டே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு என்ன ஒரு காரியம் செய்திருக்கிறோம்! ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், நீ அழுதிருப்பாய், மறுநாள் சரியாகியிருக்கும். உன்னைப் பேங்க் கவுண்டரில் போய் மன்னிப்புக் கேட்கிற நிலைக்கு விட்டுவிட்டேனே என்று எனக்கு ஆறவில்லை.

வியாழக்கிழமை மாலை பீரோவின் அடித்தட்டைக் கிளறினேன். மாட்டாத இரண்டு நாள்காட்டியும் மாமா ஒட்டிய டேப் பிரிக்காமல் இருந்தன. இந்த வருடத்ததைப் பிரித்தேன். ஆணி ஆடவில்லை, நன்றாகத்தான் இருந்தது. மாட்டிவிட்டு, ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்தேன். நீ போன நாளின் தாளை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமையின் தாள் வந்ததும் நிறுத்தினேன். ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு.

நேற்று, அந்த வெள்ளிக்கிழமைதான் மாறுவதாகச் சொல்ல ஆபீஸில் கடைசி நாள். பத்தே முக்காலுக்கு அனிர்பான் என் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டான். எனக்கு நஷ்டம் என்று அத்தனை சொன்னவன், நான் முடிவு செய்துவிட்டேன் என்றதும் உதவிக்கு வந்து நின்றான். "இப்ப நல்லா ஓடுது தீதி, அழுத்திடுங்க. மத்தியானம் எல்லாரும் வந்தா தொங்கிடும்." பன்னிரண்டு ஆகட்டும் என்றேன். ஏன் என்றான். இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் அந்தக் குமாஸ்தாவிடம் சொல்ல வராததை இவனிடம் சொன்னேன், இது நல்ல நேரம் இல்லை, என் அம்மாவுக்குப் பிடிக்காது என்று. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே. ஒரு தடவை உன் நாள்காட்டியைக் கேட்டு இழந்தவள், மறுபடியும் அதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, எனக்குப் புத்தி இருக்கிறதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அன்று நீ சொன்னதற்காகக் காத்திருந்தேன். இந்த முறை, உன் மேல் தப்பில்லை என்று சொல்வதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு அழுத்தினேன். அனிர்பான் சொன்னபடியே தொங்கியது. ஒரு மணிக்கும் தொங்கியது. இரண்டரைக்கு ஓ.டி.பி. வந்தது, போடுவதற்குள் பக்கம் போய்விட்டது. அனிர்பான் சாப்பிடப் போகாமல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூன்றே முக்காலுக்கு மறுபடி ஓ.டி.பி. வந்தது. போட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை டிக் விழுந்தது, நீ கண்ணைச் சிமிட்டினால் விழுமே, அதே பச்சை. அனிர்பான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். "மாசிமா ஜெயிச்சுட்டாங்க" என்றான்.

அந்தக் காகிதம்தான் இப்போது உன் பைக்குள் இருக்கிறது, உன் பாஸ்புக்குக்கும் க்ரீமுக்கும் நடுவில். நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியாது. மார்க்கெட் ஏறி அனிர்பானின் கணக்கு இரட்டிப்பானால் வயிறு எரியும். நாளைக்கே இன்னொரு சர்க்கார் வந்து இதையும் மாற்றினால் யாரிடம் போய்க் கேட்பேன்? எனக்குப் பின்னால் இது யாருக்கும் போகாது. உன்னுடையதைப் போல முழுசானதும் இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் போட்டேன். பயம் போய்விடவில்லை, நான் ஓய்வு பெற இன்னும் பதின்மூன்று வருடம் இருக்கிறது, அதுவரை என்னோடு ஃபெர்ரியில் வரும்.

அன்றைக்கு அப்பாவின் காலி டப்பாவோடு நான் வந்து நின்றபோது, கதவைப் பிடித்துக்கொண்டு நீ ஒன்று கேட்டாய். நான் பொய் சொன்னேன். அது பொய் என்று தெரிந்தும் அதை நம்புகிற மாதிரியே கடைசி வரை இருந்துவிட்டுப் போனாய். இப்போது அதே கதவுக்கு உள்ளே உட்கார்ந்து மறுபடியும் பதில் சொல்கிறேன்.

உண்டும்மா.